வண்டலூரில் செய்த எஸ்டேட் கார்

திருவண்ணாமலையில் நண்பர் ஒருவர் கார் தேடுகிறார். "குடும்பம், மூட்டை முடிச்சு எல்லாம் ஏறணும். செஞ்சி ரோட்ல ஓட்டவும் சுகமா இருக்கணும்." எஸ்டேட் கார் பாருங்க என்றேன். "எதுக்கு, தேயிலைத் தோட்டத்துக்கா?" என்றார்!

கூரை கடைசிவரை நீண்டு, டிக்கியும் உள்ளிடமும் ஒன்றாகி, பின்னால் ஐந்தாவது கதவு வைத்த கார்தான் எஸ்டேட். அதை நம்ம ஊர்லயே செய்திருக்கிறார்கள். சென்னை வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம், 1961ல் இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டை 'ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்' என்று கொண்டுவந்தது. 1960களின் கடைசியில், இந்தியாவுக்கென்றே அதில் ஐந்து கதவு எஸ்டேட்டும் வந்தது.

எஞ்சின் சின்னது, 948 சிசிதான். ஆனால் ஓட்டுபவருக்கு ஹெரால்ட் தனி ருசி. அம்பாசடர், ஃபியட்டில் கியர் ஸ்டியரிங் பக்கம், இதில் தரையில். ஸ்டியரிங் ரேக் அண்ட் பினியன், அதனால் கை திருப்பினால் உடனே கேட்கும். வண்டி திரும்ப சுமார் 25 அடி வட்டம் போதும். மாடவீதிச் சந்துகளுக்கே செய்ததுபோல. நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன். வளைவில் வேகமாகப் போய்த் திடீரென்று காலை எடுத்தால் பின்சக்கரம் உள்ளே மடங்கும் என்பது வேறு விஷயம்.

ஏன் நிலைக்கவில்லை? நம்மவர்களுக்குப் பின்னால் தனி டிக்கி நீட்டிக்கொண்டிருந்தால்தான் கார், இல்லாவிட்டால் ஆம்புலன்ஸ். இது என் கணிப்பு. 1992ல் டாடா 'எஸ்டேட்' என்றே பெயர் வைத்து ஒன்று விட்டது. பிக்கப் வண்டியின் அடித்தளம், ஓட்டும் சுகத்துக்கு வாங்குவதல்ல. 2017ல் வோல்வோ வி90 கிராஸ் கன்ட்ரி வந்தது, சுமார் 60 லட்சம் ரூபாய்.

நண்பர் இப்போது எஸ்யூவி பார்க்கிறார்.