ஓட்டத்தை நிறுத்தாமல் புதுப்பிக்கப்படும் ரயில் தடங்கள்

சிங்கப்பூரின் வடக்கு-தெற்கு, கிழக்கு-மேற்கு ரயில் தடங்களில் கடைசி ரயில் பணிமனைக்குத் திரும்பும்போது நள்ளிரவு கடந்திருக்கும். அதிகாலை ஐந்தரை மணிவாக்கில் முதல் ரயில் மீண்டும் புறப்பட்டாக வேண்டும். மின்சாரத்தைத் துண்டிப்பது, கருவிகளைத் தடத்திற்குக் கொண்டுவருவது, வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் அகற்றித் தடம் பாதுகாப்பாக இருப்பதை உறுதிசெய்வது என எல்லாமே இந்த இடைவெளிக்குள் நடக்க வேண்டும். பராமரிப்புக்குக் கிடைப்பது ஏறத்தாழ மூன்றரை மணி நேரம்தான்.

அந்தச் சிறு இடைவெளியில்தான் நாட்டின் மிகப் பழைய பெருவிரைவு ரயில் தடங்களின் கட்டைகளும் மின்தண்டவாளமும் சமிக்ஞை முறையும் ஒவ்வொன்றாக மாற்றப்பட்டன. 2.5 பில்லியன் வெள்ளிக்கும் அதிகமான செலவில் நடைபெறும் இந்தப் புதுப்பிப்பில் பயணிகள் கண்ணில் படுவது புதிய ரயில்கள் மட்டுமே. மற்றவை சுரங்கப் பாதையின் இருளிலும் மேம்பாலத் தடங்களின் மீதும் நடந்தவை.

ரயிலா, பேருந்தா?

எம்ஆர்டி இல்லாத சிங்கப்பூரை இன்று கற்பனை செய்வது கடினம். ஆனால் அது எளிதில் எடுக்கப்பட்ட முடிவன்று.

சுதந்திரம் பெற்ற இரண்டே ஆண்டுகளில், 1967ல் தொடங்கப்பட்ட நகரத் திட்டமிடல் ஆய்வு, பெருகும் மக்கள்தொகைக்குச் சாலைகள் மட்டும் போதாது, 1990களில் ரயில் தேவைப்படும் எனக் கணித்தது. 1972 முதல் 1980 வரை பல கட்டங்களாக ஆய்வுகள் நடந்தன. ஆயினும் அமைச்சரவைக்குள்ளேயே இருவேறு கருத்துகள் நிலவின. அப்போது தொடர்பு அமைச்சராக இருந்த ஓங் தெங் சியோங் ரயில் திட்டத்தை வலுவாக ஆதரித்தார். பொருளியல் வளர்ச்சிக்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவரான கோ கெங் சுவீ, அவ்வளவு பெரிய செலவு தேவைதானா என்று கேட்டார்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வல்லுநர் குழு, பேருந்துச் சேவையை மேம்படுத்தினாலே போதும் என்றது. 1980ல் இந்த விவாதம் தொலைக்காட்சியிலும் இடம்பெற்றது. பேருந்துகளை மட்டும் நம்பினால் நகர மையச் சாலைகள் தாங்கமாட்டா என்பது ரயில் ஆதரவாளர்களின் வாதம். நிலப்பற்றாக்குறை உள்ள தீவில் அந்த வாதத்திற்கு எடை இருந்தது. அடுத்து நடந்த விரிவான போக்குவரத்து ஆய்வும் அதையே உறுதிப்படுத்த, 1982 மே மாதம் எம்ஆர்டி கட்டப்படும் என்று அரசாங்கம் அறிவித்தது. மதிப்பிடப்பட்ட செலவு 5 பில்லியன் வெள்ளி. அதுவரை சிங்கப்பூர் மேற்கொண்ட ஆகப் பெரிய பொதுப்பணித் திட்டம் அது.

ஐந்து நிலையங்களுடன் தொடக்கம்

1983 அக்டோபர் 22ஆம் தேதி ஷான் ரோட்டில் கட்டுமானப் பணி தொடங்கியது. நான்கே ஆண்டுகளில், 1987 நவம்பர் 7ஆம் தேதி, இயோ சூ காங்கிற்கும் தோ பாயோவுக்கும் இடையே முதல் ரயில்கள் ஓடின. இடையில் அங் மோ கியோ, பீஷான், பிரேடல் ஆகிய நிலையங்கள். மொத்தம் ஐந்தே நிலையங்கள், ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர்.

அதே ஆண்டு டிசம்பரில் சேவை நகர மையத்தைக் கடந்து ஊட்ரம் பார்க் வரை நீண்டது. 1988 மார்ச் 12ஆம் தேதி கிளமெண்டி வரை சேவை நீட்டிக்கப்பட்டபோது அன்றைய பிரதமர் லீ குவான் யூ எம்ஆர்டியை அதிகாரபூர்வமாகத் தொடங்கிவைத்தார். 1989 நவம்பரில் மரினா பே, தானா மேரா ஆகியவற்றுக்குச் சேவை நீண்டபோதுதான் இன்று நாம் அறிந்த வடக்கு-தெற்கு, கிழக்கு-மேற்கு என்ற இரண்டு தடங்களாக அது பிரிந்தது. 1990 ஜூலையில் பூன் லே நிலையம் திறக்கப்பட்டதும் 67 கிலோமீட்டர், 42 நிலையங்கள் என்ற தொடக்கத் திட்டம் குறித்த காலத்திற்கு ஈராண்டு முன்னதாகவே நிறைவடைந்தது.

நகர மண்டபம், ராஃபிள்ஸ் பிளேஸ் ஆகிய இரு நிலையங்களில் எதிர்ப்புற நடைமேடைக்குச் சென்றாலே தடம் மாறிவிடலாம் என்ற வசதி அந்தத் தொடக்கத் திட்டத்தின் புத்திசாலித்தனங்களில் ஒன்று. நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் வைக்கப்பட்ட அறிவிப்புகளில் தமிழும் இடம்பெற்றது. ஆற்றோரத்தில் துணி வெளுத்த இந்தியச் சலவைத் தொழிலாளர்களின் நினைவைத் தாங்கும் டோபி காட் என்ற பழைய இடப்பெயரும் அன்றாடம் ஒலிக்கும் நிலையப் பெயராயிற்று.

வளர்ந்த நகரம், மூப்படைந்த தடம்

அதன்பின் தடங்கள் கொஞ்சங்கொஞ்சமாக நீண்டன. 1996ல் உட்லண்ட்ஸ் நீட்டிப்பு, சுவா சூ காங்கையும் ஈசூனையும் இணைத்தது. 2002ல் சாங்கி விமான நிலையம், 2009ல் ஜூ கூன், 2014ல் மரினா சவுத் பியர், 2017ல் துவாஸ் லிங்க், 2019ல் கேன்பரா என நிலையங்கள் சேர்ந்துகொண்டே வந்தன. முன்பு திறந்தவெளியாக இருந்த தரைமேல் நிலையங்களின் நடைமேடைகளில் பாதி உயரத் தடுப்புக் கதவுகள் 2012க்குள் பொருத்தப்பட்டன. தண்டவாளத்தில் மனிதர்கள் விழும் சம்பவங்களைத் தடுக்க இது உதவியது.

ஆனால் நீண்ட தடத்தின் நடுப்பகுதி 1980களில் போட்ட தடமாகவே இருந்தது. 1987ல் சிங்கப்பூரின் மக்கள்தொகை 2.8 மில்லியனுக்குச் சற்றுக் குறைவு. 2011ல் அது 5.18 மில்லியன். கூடுதல் மக்களை ஏற்றிச் செல்லக் கூடுதல் ரயில்கள், கூடுதல் சேவைகள் வந்தன. சேவை அதிகரிக்க அதிகரிக்க, தேய்மானமும் அதிகரித்தது. பராமரிப்புக்கான இரவு நேரம் மட்டும் கூடவில்லை.

திருப்பிப்போட்ட இரண்டு நாள்கள்

2011 டிசம்பர் 15ஆம் தேதி மாலை, பயணிகள் வீடு திரும்பும் நேரத்தில் வடக்கு-தெற்குத் தடத்தில் ரயில்கள் நின்றன. சுரங்கப் பாதையில் விளக்கும் காற்றோட்டமும் குறைந்த ரயிலுக்குள் சிக்கியவர்களில் ஒருவர், தீயணைப்புக் கருவியால் கண்ணாடியை உடைத்த படம் பலர் மனத்தில் நின்றுவிட்டது. அன்று ஏறத்தாழ 127,000 பயணிகள் பாதிக்கப்பட்டனர். இரண்டே நாளில், டிசம்பர் 17ஆம் தேதி காலை, மீண்டும் ஒரு பெரிய தடை. இம்முறை ஏறத்தாழ 94,000 பேர் பாதிக்கப்பட்டனர்.

ரயிலுக்கு 750 வோல்ட் மின்சாரம் தருவது, ஓடும் தண்டவாளங்களுக்குப் பக்கத்தில் உள்ள மூன்றாம் தண்டவாளம். அதைத் தாங்கிப் பிடித்த கொக்கிகள் கழன்றதால் அது தொய்ந்தது. கடந்து சென்ற ரயில்களின் மின்வாங்கிகள் அதில் மோதிச் சேதமடைந்தன. அரசாங்கம் அமைத்த விசாரணைக் குழு பராமரிப்பில் இருந்த குறைகளைச் சுட்டிக்காட்டியது. எஸ்எம்ஆர்டி நிறுவனத்திற்கு 2 மில்லியன் வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது.

2015 ஜூலை 7ஆம் தேதி மாலை இரண்டு தடங்களும் முழுமையாக நின்றன. சுரங்கப் பாதை நீர்க்கசிவால் மூன்றாம் தண்டவாளத்தின் மின்காப்புப் பாகம் பாதிக்கப்பட்டதே காரணம். அதற்கு விதிக்கப்பட்ட அபராதம் 5.4 மில்லியன் வெள்ளி. பழுதான பாகத்தை மட்டும் மாற்றிக்கொண்டே போனால் போதாது, தடத்தின் அடிப்படையையே புதுப்பிக்க வேண்டும் என்பது இதற்குள் தெளிவாகியிருந்தது.

ஆறு அடிப்படைக் கட்டமைப்புகள்

புதுப்பிப்புத் திட்டம் ஆறு பகுதிகளைக் கொண்டது: தண்டவாளக் கட்டைகள், மூன்றாம் தண்டவாளம், சமிக்ஞை முறை, மின்விநியோகம், ரயில் எங்கே இருக்கிறது என்பதைக் கண்டறியும் தடச் சுற்றுகள், முதல் தலைமுறை ரயில்கள்.

முதலில் மரக்கட்டைகள் போயின. தண்டவாளங்களைச் சரியான இடைவெளியில் பிடித்துவைக்கும் இந்தக் கட்டைகளில் ஏறத்தாழ 188,000 கட்டைகளுக்குப் பதிலாகக் கான்கிரீட் கட்டைகள் பதிக்கப்பட்டன. வடக்கு-தெற்குத் தடத்தில் 2015லும் கிழக்கு-மேற்குத் தடத்தில் 2016லும் இந்தப் பணி முடிந்தது. மூன்றாம் தண்டவாளத்தை மாற்றும் பணி 2017ல் நிறைவுபெற்றது.

அடுத்தது சமிக்ஞை. பழைய முறையில் தடம் நிலையான பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒரு பகுதியில் ரயில் இருக்கும்வரை அடுத்த ரயில் அதற்குள் நுழைய முடியாது. புதிய முறையில் ஒவ்வொரு ரயிலும் தான் இருக்கும் இடத்தை வானொலி அலைவழியே தொடர்ந்து தெரிவிக்கிறது. அதனால் ரயில்கள் பாதுகாப்பான இடைவெளியிலேயே நெருக்கமாக ஓட முடியும். இரண்டு ரயில்களுக்கு இடைப்பட்ட நேரத்தை 120 வினாடியிலிருந்து 100 வினாடியாகக் குறைக்கலாம். மணிக்கு 30 ரயில்கள் சென்ற திசையில் இனி 36 ரயில்கள் செல்லலாம் என்பது இதன் பொருள். ஒரு கிலோமீட்டர் புதிய தடம்கூடப் போடாமல் கிடைக்கும் கூடுதல் கொள்ளளவு அது.

மாற்றத்தின் விலை

வடக்கு-தெற்குத் தடம் 2017 மே மாத இறுதியில் புதிய சமிக்ஞைக்கு மாறியபோது தொடக்க வாரங்களில் கோளாறுகள் அடிக்கடி ஏற்பட்டன. வேலைக்கும் பள்ளிக்கும் தாமதமானவர்களின் பொறுமை சோதிக்கப்பட்டது.

அதைவிடக் கடுமையான பாடம் அதே ஆண்டு நவம்பர் 15ஆம் தேதி ஜூ கூனில் கிடைத்தது. துவாஸ் நீட்டிப்பு புதிய சமிக்ஞையிலும் கிழக்கு-மேற்குத் தடத்தின் மற்ற பகுதி பழைய சமிக்ஞையிலும் இயங்கிய காலம் அது. நின்றிருந்த ரயிலின் பின்புறத்தில் மற்றொரு ரயில் மோதியதில் 38 பேர் காயமடைந்தனர். பின்னர் இரு பகுதிகளின் சேவைகளும் பிரிக்கப்பட்டன. 2018 மே 28ஆம் தேதி தடம் முழுவதும் புதிய சமிக்ஞைக்கு மாறியபோதுதான் அவை மீண்டும் இணைந்தன.

இதற்கிடையே சொத்துரிமையிலும் மாற்றம் வந்தது. 2016 அக்டோபர் முதல் ரயில்கள், சமிக்ஞை முறை போன்ற இயக்கச் சொத்துகளை நிலப் போக்குவரத்து ஆணையம் ஏறத்தாழ 1 பில்லியன் வெள்ளிக்கு எஸ்எம்ஆர்டியிடமிருந்து ஏற்றுக்கொண்டது. எப்போது எதை மாற்றுவது என்ற பெருஞ்செலவு முடிவுகள் ஆணையத்தின் பொறுப்பாயின. சேவையை நடத்துவதும் பராமரிப்பதும் எஸ்எம்ஆர்டியிடமே உள்ளன.

விடைபெறும் முதல் தலைமுறை

தொடக்கத்தில் ஓடியவை கவாசாக்கி தலைமையிலான ஜப்பானியக் கூட்டமைப்பு தயாரித்த 66 ரயில்கள். ஒரு தலைமுறையே அவற்றில் பள்ளிக்குச் சென்று, வேலைக்குப் போய், பிள்ளைகளை அழைத்துச் சென்றது. இவற்றுக்கும் பின்னர் வந்த வேறு 40 ரயில்களுக்கும் பதிலாக மொத்தம் 106 புதிய ரயில்களுக்கு ஆணை கொடுக்கப்பட்டது. முதல் 66 ரயில்களுக்கான ஒப்பந்தத்தின் மதிப்பு மட்டும் 1.2 பில்லியன் வெள்ளி. அவற்றில் முதலாவது 2023 ஜூன் 4ஆம் தேதி சேவைக்கு வந்தது. சக்கர நாற்காலிகளுக்கும் குழந்தைத் தள்ளுவண்டிகளுக்கும் இடம் தர மடக்கக்கூடிய இருக்கைகள் உள்ளன. ரயிலின் நிலையையும் தண்டவாளத்தின் நிலையையும் ஓடும்போதே கண்காணிக்கும் கருவிகளும் சிலவற்றில் உள்ளன.

அந்தக் கண்காணிப்பின் தேவையை 2024 செப்டம்பர் 25ஆம் தேதி உணர்த்தியது. பணிமனைக்குத் திரும்பிக்கொண்டிருந்த முதல் தலைமுறை ரயில் ஒன்றின் அச்சுப்பெட்டி டோவர் அருகே கழன்று விழுந்தது. தடம் மாறிய சக்கரங்கள் தண்டவாளத்தையும் மின்கருவிகளையும் சேதப்படுத்தின. ஜூரோங் ஈஸ்ட் - புவன விஸ்தா இடையே ஆறு நாள்கள் சேவை இல்லை. புதுப்பிப்பு முடியும் தறுவாயில், இன்னும் மாற்றப்படாமல் எஞ்சியிருந்த பழைய ரயில்களில் ஒன்று நகரின் மேற்குப் பகுதியையே தடுமாறவைத்தது.

மூடும் நாள்களும் சேவையே

2018ல் தொடங்கிய மின்விநியோகப் புதுப்பிப்பு 2026க்குள் முடிய வேண்டும் என்பது திட்டம். ஆனால் தடம் இருக்கும்வரை பராமரிப்பு முடிவதில்லை. இரவின் மூன்றரை மணி நேரத்தில் செய்ய முடியாத பணிகள் எப்போதும் உண்டு. அதனால்தான் 2017 டிசம்பரில் வாரயிறுதிகளில் சில நிலையங்கள் முன்னதாக மூடப்பட்டுத் தாமதமாகத் திறக்கப்பட்டன. 2025 நவம்பர் 29 முதல் பத்து நாள்களுக்கு பிடோக் - தெம்பனிஸ், தானா மேரா - எக்ஸ்போ பகுதிகளில் சேவை நிறுத்தப்பட்டு, புதிய ஈஸ்ட் கோஸ்ட் ஒருங்கிணைந்த பணிமனைக்குச் செல்லும் தடங்கள் இணைக்கப்பட்டன.

இணைப்புப் பேருந்துக்காக வரிசையில் நிற்பவருக்கு இது தொல்லைதான். முதியவர்களுக்கும் இரவுப் பணி முடிந்து திரும்புவோருக்கும் கூடுதல் அரை மணி நேரம் பெரிய விஷயம். ஆனால் முன்கூட்டியே அறிவித்து மூடும் பத்து நாள்களுக்கும், எதிர்பாராமல் நின்றுபோகும் ஒரு மாலைக்கும் வேறுபாடு உண்டு. முன்னதற்குத் திட்டமிட்டு வீட்டிலிருந்து சீக்கிரம் கிளம்பலாம். பின்னதில் சுரங்கப் பாதையில் காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

1980ல் ரயில் வேண்டுமா என்று நாடு விவாதித்தது. இன்று அந்தக் கேள்வி எழுவதில்லை. ஓடிக்கொண்டே இருக்கும் தடத்திற்கு ஓய்வு எப்போது, எவ்வளவு நேரம் தருவது என்பதே இப்போதைய கேள்வி. 2011 டிசம்பரில் கழன்ற கொக்கிகளும் 2024ல் விழுந்த அச்சுப்பெட்டியும் அந்தக் கேள்வியைத் தள்ளிப்போட முடியாது என்பதைக் காட்டிவிட்டன.