இழுபடும் காரின் செவ்விளக்குகள்

1963-ஆம் வருஷம் ஜூலை மாதம் 20-ஆம் தேதி, அமெரிக்காவின் வடகிழக்குக் கோடியிலுள்ள மெய்ன் மாநிலத்தில் பூரண சூரிய கிரகணம் தெரியப் போகிறதென்று அறிந்து, பழைய பஸ்களை வீடுகளாக மாற்றிக்கொண்டு அவற்றிலேயே உண்டு உறங்கிப் பிரயாணம் செய்யும் பழக்கமுடைய 26 குடும்பத்தினர் ஹிங்க்லி என்னும் சிற்றூரில் வந்து கூடினர். கிரகணம் வந்த வேகத்திலேயே விலகிவிட்டது. கூடியவர்களோ கலைவதற்கு முன்னால் ஃபேமிலி மோட்டார் கோச் அசோசியேஷன் என்றொரு சங்கத்தை ஸ்தாபித்துக்கொண்டார்கள். அதே காலத்தில் மிச்சிகன் மாநிலத்து ரே ஃபிராங்க் என்பவர் டாட்ஜ் வண்டியின் அடிச்சட்டத்தின்மேல் வீடு கட்டி விற்றுக்கொண்டிருந்தார். 1966-இல் ஐயோவாவின் ஃபாரஸ்ட் சிட்டியிலிருந்து வின்னிபேகோ கம்பெனி தொழிற்சாலை வரிசையில் மோட்டார் ஹோம்களைச் செய்து விலையைக் குறைத்த பின், செல்வர்களின் விநோதமாக இருந்த இந்த வாகனம் மத்தியதரக் குடும்பங்களுக்கும் எட்டியது.

வீட்டோடு பிரயாணம் செய்வதிலுள்ள சௌகரியம் வெளிப்படை. அதன் அசௌகரியமோ, முகாமில் வண்டியை நிறுத்திச் சமப்படுத்தி, தண்ணீர்க் குழாயையும் மின்சாரத்தையும் இணைத்து, நாற்காலிகளை வெளியே போட்டு உட்கார்ந்த பிறகுதான் தெரியவரும். ஒரு புட்டி பால் வாங்க வேண்டுமென்றாலும், நிலைக்கு வந்து சேர்ந்த தேரை மறுபடி வடம் பிடித்துக் கிளப்புவதுபோல, அத்தனையையும் கழற்றிக்கொண்டு புறப்பட வேண்டும். ஆகவே சின்னக் கார் ஒன்றையும் பின்னால் கட்டி இழுத்துச் செல்லும் வழக்கம் பிறந்தது. டிரெய்லரில் ஏற்றாமல், நான்கு சக்கரங்களும் தரையில் உருள, முக்கோண வடிவமான இரும்புச் சட்டத்தால் முன் பம்பரைப் பிணைத்து இழுப்பது இதன் முறை. சுமார் 800 கிலோ எடையே உள்ளதும், கியரை நியூட்ரலில் வைத்துவிட்டால் தடையின்றி உருளக்கூடியதுமான ஃபோக்ஸ்வாகன் பீட்டில் இந்த ஊழியத்திற்காகவே படைக்கப்பட்டதைப் போலிருந்தது.

காரை இழுப்பது இரும்பு வேலை. அதைக் கொல்லன் பட்டறையில் முடித்துவிடலாம். விளக்கு விஷயந்தான் சூட்சுமமானது. பின்னால் வருகிறவன் கண்ணுக்கு மோட்டார் ஹோமின் விளக்குகள் தெரியா. இழுபடும் காரின் முதுகுதான் தெரியும். முன்னால் இருப்பவர் பிரேக்கை மிதித்தால் ஆளில்லாத அந்தக் காரின் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். அவர் இடப்புறம் திரும்பினால் அதன் இடப்புற விளக்கு மின்ன வேண்டும். பீட்டிலிலேயே ஆரம்ப விக்கினம் ஒன்று இருந்தது. அமெரிக்கக் கார்கள் 1950-களின் மத்தியிலேயே 12 வோல்ட்டுக்கு மாறிவிட்டிருக்க, அங்கே விற்கப்பட்ட பீட்டில் 1966 மாடல் வரை 6 வோல்ட்டிலேயே ஓடிற்று. அதன் பல்புகளுக்கு மோட்டார் ஹோமின் மின்சாரத்தை அப்படியே ஊட்டினால் அவை கருகிப்போகும். பல்புகளை மாற்ற வேண்டும், இல்லையேல் தனி விளக்குகளைக் கட்ட வேண்டும்.

ஆனால் பெரிய சிக்கலுக்கு மூலகாரணம் அமெரிக்க மோட்டார் தொழிலின் பழைய சிக்கனம். 1939-இல் ப்யூக் கம்பெனி மின்னும் திசைவிளக்கைத் தன் கார்களின் பின்புறத்தில் அமைத்தது. அந்த வசதி பரவியபோது, திசைகாட்டத் தனி விளக்கு வைப்பதற்குப் பதிலாக, பிரேக் விளக்கின் இழையையே மின்னச் செய்துவிட்டார்கள். ஒரே இழை பிரேக்கை மிதித்தால் நிலையாக எரியும், திரும்பினால் விட்டுவிட்டு எரியும். இதனால் டிரெய்லருக்கு நான்கு கம்பிகளே போதுமாயின: எர்த்துக்கு வெள்ளை, இரவு விளக்குக்குப் பழுப்பு, இடப்புறத்துக்கு மஞ்சள், வலப்புறத்துக்குப் பச்சை. இந்த நிற ஒழுங்கு இன்றளவும் அந்நாட்டில் நிலைத்திருக்கிறது.

டிரெய்லருக்குத் தனக்கென்று மின்சாரம் கிடையாது. கொடுத்ததை வாங்கிக்கொண்டு எரியும். காரோ சொந்த பாட்டரியும் சொந்த சுவிட்சுகளும் உடையது. அதன் விளக்குக் கம்பிகளோடு இந்த நான்கையும் நேரே முறுக்கிச் சேர்த்தவர்கள் விசித்திரமான காட்சியைக் கண்டிருப்பார்கள்: இடப்புறம் திரும்பச் சைகை செய்தால் காரின் இரு பக்கமும் சேர்ந்து மின்னும். காரணம் எளியது. காரின் திசை சுவிட்ச் நடுவில் நிற்கும்போது, பிரேக் மின்சாரம் இருபுறமும் போய்ச் சேர வேண்டுமென்பதற்காக இடக் கம்பியும் வலக் கம்பியும் அந்தச் சுவிட்சுக்குள் ஒன்றாக இணைந்திருக்கின்றன. மஞ்சள் கம்பியில் வந்த மின்சாரம் இட விளக்கை எரித்ததோடு நில்லாமல், பின்னோக்கி ஓடிச் சுவிட்சுக்குள் புகுந்து வலப்புறமாக இறங்கிவிடும்.

இதற்குப் பரிகாரமாக வந்தது, மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் அனுமதிக்கும் டையோடு. சிலிக்கன் டையோடு காருக்குள் பெருவாரியாக நுழைந்தது விளக்குக்காக அல்ல. 1960-இல் கிரைஸ்லரின் வேலியன்ட் காரில் டைனமோவுக்குப் பதிலாக ஆல்டர்னேட்டர் வந்தபோது, அதன் மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கவே அது தேவைப்பட்டது. பின்னர் அது மலிந்து, பின்விளக்கு வேலைக்கும் இறங்கிவந்தது. காரின் கம்பியை விளக்கருகே வெட்டி, மோட்டார் ஹோமிலிருந்து வருவதற்கு ஒரு டையோடு, காரிலிருந்து வருவதற்கு ஒன்று, இரண்டும் கூடும் இடத்தில் விளக்கு என்று அமைத்துவிட்டால், இரு எஜமானர்களும் ஒரே விளக்கை ஆளலாம். ஒருவருடைய மின்சாரம் மற்றவர் வீட்டுக்குள் புகாது. இதற்குக் கூலியாக டையோடு ஏறக்குறைய 0.7 வோல்ட்டை விழுங்கிக்கொள்ளும். வெளிச்சம் சற்றே மங்கும். என் அபிப்பிராயத்தில் இந்தத் தொழிலில் தோன்றிய உபாயங்களுள் இதுவே மிக அழகானது.

ஜப்பானியக் கார்கள் பெருகியபோது இன்னொரு சங்கடம் எழுந்தது. அவற்றுள் பலவற்றில் திசைவிளக்கு ஆரஞ்சு நிறத்தில் தனியாக இருக்கும். இருபுறப் பிரேக் விளக்குகளும் ஒரே கம்பியில் உயிர்வாழும். அமெரிக்கப் பாதுகாப்பு விதி 108, பின்புறத் திசைவிளக்கு சிவப்பாகவும் இருக்கலாம், ஆரஞ்சாகவும் இருக்கலாம் என்று இரண்டையும் அனுமதித்ததால், சமரசம் செய்யும் பொறுப்பு கம்பி இழுக்கிறவன் தலையில் விழுந்தது. அவன் பிரேக் விளக்குகளை இடம் வலமாகப் பிரித்து மின்னச் செய்தான். ஆரஞ்சு விளக்குகள் இழுபடும் நேரமெல்லாம் சும்மா இருந்தன.

திருட்டைத் தடுக்க 1970 வாக்கில் ஸ்டியரிங் பூட்டு பெரும்பாலான கார்களுக்கு வந்ததும், வளைவுகளில் சக்கரம் திரும்ப வேண்டுமானால் சாவியைப் போட்டுப் பூட்டைத் திறந்து வைக்கும்படி ஆயிற்று. அதனால் ஏதேனுமொரு சுற்று விழித்திருந்து பாட்டரியைக் குடிக்க, அதற்கு உணவூட்டத் தனிக் கம்பியும் சேர்ந்தது.

2000 மாடல் காடிலாக் டெவில் எல்.இ.டி. பின்விளக்குகளோடு வந்த காலத்திற்குப் பிறகு, சுவிட்சுகளின் இடத்தைக் கம்ப்யூட்டர் பிடித்துக்கொண்டது. பல கார்களில் அது சிறு மின்துடிப்புகளை அனுப்பி விளக்குகளின் க்ஷேமத்தை விசாரிக்கிறது. நடுவே டையோடு நின்றால் பல்பு பழுதென்று பதறவும் கூடும். ஆதலால் அனுபவமுள்ளவர்கள் பலர் இப்போது காரின் கம்பிகளைத் தொடுவதே இல்லை. விளக்குக் கூட்டின் பின்புறத்தில் துளையிட்டு, காரோடு எவ்வித சம்பந்தமுமில்லாத தனி பல்பைச் செருகி, நான்கு கம்பிகளையும் அதனோடு முடித்துவிடுகிறார்கள். பழைய டிரெய்லரின் முறைக்கே கார் திரும்பிவிட்டது. புதுக் காரில் துளையிட மனம் வராதவர்களுக்குக் காந்தத்தால் ஒட்டும் விளக்குகள் உண்டு. அவை பெயின்டைக் கீறும். அதைப் பொறுத்துக்கொண்டாலும், 2015 மாடலிலிருந்து உடல் முழுவதும் அலுமினியமாகிவிட்ட ஃபோர்டு எஃப்-150-ஐ இழுக்கிறவர்களுக்கு அந்த வழியும் அடைபட்டுவிட்டது.