பரதீசு

தமிழ் பைபிளில் நாம் காணும் 'பரதீசு' பாரசீக மண்ணில் பிறந்த சொல். பழைய அவெஸ்தா மொழியில் 'பைரி' என்றால் சுற்றிலும். 'தயேச' என்றால் மதில். மதில் சூழ்ந்த இடம், அவ்வளவுதான். பாரசீக மன்னர்களின் மரச்சோலைகளையும் வேட்டைத் தோப்புகளையும் பற்றி எழுதிய கிரேக்கர் செனபோன் அவற்றைப் 'பரதெய்சோஸ்' என்றார். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் ஆதியாகமத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் ஏதேன் தோட்டத்துக்கு இந்தச் சொல்லையே இட்டார்கள். மன்னனின் தோட்டம் கடவுளின் தோட்டமானது அப்போதுதான்.

புதிய ஏற்பாட்டில் இந்தச் சொல் மூன்றே இடங்களில் வருகிறது. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் ஒன்று. வெளிப்படுத்தல் 2:7இல் ஜீவவிருட்சம் நிற்கும் இடம் அது. அந்த நூலின் முடிவில் புதிய எருசலேமுக்கும் மதில் உண்டு, 144 முழம். ஆனால் 12 வாசல்களும் அடைக்கப்படுவதேயில்லை. மூன்றாவது இடம் லூக்கா 23:43. அதுதான் என்னை அதிகம் உலுக்குகிறது: மன்னனுக்காக மதில் கட்டிக் காத்த சோலையின் பெயரை இயேசு சொல்வது, பக்கத்துச் சிலுவையில் சாகும் குற்றவாளியிடம்.