கிளாலி அம்மானையும் வியாகுலப் பிரசங்கமும்



யாழ்ப்பாணக் கடனீரேரியின் கரையிலே கிளாலி என்னுஞ் சிற்றூர் உளது. 1984 இல் அமைந்த கிளிநொச்சி மாவட்டத்துள் அடங்குவது. 1990 களின் முற்பகுதியில், தரைவழி அடைபட்டிருந்த காலத்தே, குடாநாட்டு மக்கள் இருளிற் படகேறி வன்னிப் பெருநிலத்தை அடைந்த வழி இதுவேயாதலால் அப்பெயரை மறந்தார் இலர். எனினும் தமிழிலக்கியத்தில் அவ்வூர் இடம்பெற்றது மிக முந்திய காலத்திலாகும்.

1647 ஆம் ஆண்டிலே தெல்லிப்பழைப் பேதுருப் புலவர், கிளாலிக் கோயில் யாகப்பர்மீது சந்தியோகுமையோர் அம்மானையைப் பாடினார். ஈழத்துக் கிறித்தவத் தமிழ் நூல்களுள் மிகப் பழையனவற்றுள் இஃதொன்று. பெயரைக் கேட்டு மயங்கவேண்டா. பெரிய யாகப்பரைப் போர்த்துக்கேயர் அழைத்த பெயரே தமிழ் நாவிற் பட்டுச் சந்தியோகுமையோர் ஆயிற்று.

பெயர் பிறநாட்டது; பாட்டோ நம் நாட்டது. மகளிர் காய்களை மேலெறிந்து பிடித்து ஆடுங்காற் பாடியது அம்மானை. மாணிக்கவாசகரும் திருவம்மானை பாடியுள்ளார். பின்னர் அதுவே நெடுங்கதை சொல்லும் பாட்டாக வளர்ந்தது. ஒருவர் இசையோடு படிக்க, ஊரார் சூழ்ந்திருந்து கேட்பர். எழுத்தறியாதாரும் செவிவழியே அதனை மனத்திற் கொள்வர். புலவர் இவ்வடிவைத் தேர்ந்தமை எத்துணைப் பொருத்தமென்பது பின்வந்த காலத்தை நோக்கினாற் புலனாகும்.

பதினோராண்டு கழிந்து, 1658 இல், யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமாயிற்று. கத்தோலிக்கக் குருமார் துரத்தப்பட்டனர். அவருக்குப் புகலிடம் அளிப்போர்க்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 1670 இல் மாந்தைக் கத்தோலிக்கர் மாதாவின் திருவுருவத்தை வன்னிக் காட்டு மருதமடுவுக்குக் கொண்டுசென்றனர் என்பது மரபு. யோசேவ்வாஸ் சுவாமியார் 1687 இல் மாறுவேடத்தில் வந்திறங்கும்வரை, இருபத்தொன்பது ஆண்டுகள், மந்தை மேய்ப்பனின்றி இருந்தது. கோயிலுமின்றிக் குருவுமின்றி இருந்த அம்மக்களிடத்து எஞ்சியவை மனனமான செபமும் பாட்டுமே. விசுவாசம் அவற்றாலேயே பிழைத்தது என்பது என் துணிபு.

1705 இல் கோவையிலிருந்து வந்த சாங்கோபாங்க சுவாமியார், அஃதாவது யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள், இவ்வுண்மையை நன்குணர்ந்தவர். (நான் கூறுவது கொங்கணக் கரைக் கோவை, கொங்குநாட்டுக் கோயம்புத்தூரன்று.) தமிழையும் சிங்களத்தையும் கற்று இரண்டிலும் நூல்கள் யாத்தார். அவர்தம் வியாகுலப் பிரசங்கம் கிறிஸ்துநாதரின் பாடுகளைக் கூறுவது. பெயரளவிலே பிரசங்கம், தவக்காலத்தில் அதனை இராகத்தோடு இழுத்துப் பாடுவதே வழக்கம். பாடுவோர் குருமாரல்லர், ஊர்ப் பொதுமக்கள். நம் ஒப்பாரியின் சாயல் அதிலே தெளிவாகக் கேட்கும். சாவீட்டில் அழுது பழகிய குரல், சிலுவையடியில் நின்ற தாயின் துயரையும் தன் வீட்டுத் துயராகவே பாடுகின்றது.

இசையின்பம் மனத்தைச் செபத்தினின்றும் இழுத்துவிடுமோ என்று புனித அகுஸ்தீனார் தம் வரலாற்று நூலிலே கவன்றார். பாட்டிற் பொருள்மறந்து இசையிலே இலயித்தலைத் தம் குற்றமாகவே எண்ணினார். அவருடைய அச்சம் வீணன்று. ஆயினும் வியாகுலப் பிரசங்கத்தைக் கேட்போர்க்கு அவ்விடர் நேர்வதரிது. அங்கே பொருளைச் சுமந்து செல்வதே இராகம்.

திருப்பலி இலத்தீனிலே நிகழ்ந்த காலமெல்லாம் இப்பாட்டுகள் தமிழிலேயே ஒலித்தன. 1963 டிசெம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம், அவ்வந்நாட்டு மக்களின் இசைமரபுக்கு வழிபாட்டில் உரிய இடமளிக்கவேண்டும் என்று விதித்தது. அப்போது கிளாலி அம்மானைக்கு அகவை முந்நூற்றுப் பதினாறு.