பாலத்துக்குப் பின் எஞ்சியது: முன்தகைவு கான்கிரீட்டும் அதைச் சுமந்த நிறுவனமும்

கட்டுமான நிறுவனங்களில் புதுமை பிறப்பது அரிதல்ல. பிறந்த புதுமை அடுத்த வேலைக்குப் போய்ச் சேர்வதுதான் அரிது. ஒவ்வொரு வேலைக்கும் மண் வேறு, வேலை கொடுப்பவர் வேறு, ஒப்பந்தம் வேறு. வேலை முடிந்தால் சாரத்தைப் பிரிப்பார்கள், ஆட்கள் கலைவார்கள், கற்றதும் அவர்களோடு போய்விடும். முன்தகைவு கான்கிரீட்டின் வரலாற்றை யூஜின் ஃப்ரெய்சினே என்ற பிரெஞ்சுப் பொறியாளரின் மேதைமைக் கதையாகவே எழுதுவது வழக்கம். அவர் மேதைதான். ஆனால் அவர் சிக்கலின் வேரைக் கண்டதற்கும் அது தொழிலாக நிலைபெற்றதற்கும் இடையே ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஓடின. கருத்தை ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்த நிலையான இடம் இல்லாமல் போனதே அந்தத் தாமதத்துக்கு முக்கியக் காரணம் என்பது என் வாதம்.

1910களின் தொடக்கத்தில் அல்லியே ஆற்றின் குறுக்கே லெ வெர்துர் என்ற ஊரில் அவர் மூன்று வளைவுகள் கொண்ட பாலம் ஒன்றைக் கட்டினார். போக்குவரத்துக்குத் திறந்து அதிக நாளாகவில்லை, வளைவுகளின் உச்சி தாழத் தொடங்கியது. சுமை ஏறியதும் கான்கிரீட் ஒருமுறை சுருங்கும், அத்தோடு நின்றுவிடும் என்பது அன்றைய விதிமுறைகளின் நம்பிக்கை. உண்மையில் அது நீண்ட காலம் சுருங்கிக்கொண்டே போகிறது. உச்சியில் ஜாக்கிகளை வைத்து வளைவுகளைத் தூக்கி, இடைவெளியைக் கான்கிரீட்டால் நிரப்பிப் பாலத்தைக் காப்பாற்றினார். கம்பியை இழுத்துக் கட்டி கான்கிரீட்டை முன்கூட்டியே அழுத்தும் முன்தகைவு யோசனை புதிதல்ல. 1880களிலேயே அமெரிக்காவில் ஜாக்சன் என்பவர் அதற்குக் காப்புரிமை பெற்றிருந்தார். ஆனால் சாதாரணக் கம்பியில் ஏற்றிய இழுவிசை முழுவதையும் இந்தச் சுருக்கம் தின்றுவிடும். மிக வலுவான எஃகை மிக அதிகமாக இழுத்தால் மட்டுமே மிச்சம் நிற்கும். 1928இல் ஃப்ரெய்சினேயும் ஜான் செயாயும் பெற்ற காப்புரிமையின் சாரம் இதுதான்.

அதன் பிறகு நடந்தது வெற்றி அல்ல. ஃப்ரெய்சினே லிமூசான் என்ற கட்டுமான நிறுவனத்தில் தனக்கிருந்த பெரிய இடத்தை விட்டு வெளியேறி, மோந்தார்ஜியில் மின்கம்பங்கள் வார்த்தார். பொருளாதார மந்தத்தில் அந்தத் தொழில் படுத்துவிட்டது. மீட்சி வந்தது லெ ஆவ்ர் துறைமுகத்திலிருந்து. அங்கே கப்பல் பயணிகளுக்கான புதிய நிலையம் சேற்றுமண்ணில் புதைந்துகொண்டிருந்தது. 1934இல் அடித்தளங்களை முன்தகைவால் ஒன்றாக இறுக்கிப் பிணைத்து, அவற்றுக்குக் கீழே புதிய தூண்களை ஜாக்கியால் மண்ணுக்குள் அழுத்தி இறக்கினார். வேறு வழியே இல்லாத ஒருவரே சோதிக்கப்படாத முறைக்குச் சம்மதிப்பார் என்பது இந்தத் தொழிலின் கசப்பான இயல்பு. இந்த வேலைக்குப் பின் ஒப்பந்தக்காரர் எட்ம் காம்பெனோன் அவரோடு சேர்ந்தார்.

1939இல், இழுத்த கம்பிகளைப் பிடித்து வைக்கும் ஃப்ரெய்சினேயின் கூம்பு நங்கூரம் வந்தது. வட்டமாக அமைந்த கம்பிகள் அனைத்தையும் ஒரே ஜாக்கி சேர்த்து இழுக்கும். பிறகு அதே ஜாக்கி நடுவில் உள்ள கூம்பை உள்ளே தள்ளிக் கம்பிகளைக் கவ்வ வைக்கும். பழகிய ஆள் எந்த சைட்டிலும் செய்யக்கூடிய வேலை அது. 1943இல் காம்பெனோன் இதற்கென்றே ஸ்டுப் என்ற தனி நிறுவனத்தை நிறுவினார். காப்புரிமை, ஜாக்கிகள், கணக்கீட்டு அனுபவம் எல்லாம் ஓரிடத்தில் தங்கின. பலன் மார்ன் ஆற்றில் தெரிந்தது. 1946இல் முடிந்த 55 மீட்டர் லுசான்சி பாலத்தை அடுத்து, தலா 74 மீட்டர் நீளத்தில் ஐந்து பாலங்கள் ஒரே வடிவில், முன்வார்ப்புத் துண்டுகளால் எழுந்தன.

இரும்புத் தட்டுப்பாடும் போரில் இடிந்த பாலங்களும்தான் காரணம், நிறுவன அமைப்புக்கு இதில் என்ன பங்கு என்று கேட்கலாம். தேவையைப் போர் உண்டாக்கியது, மறுக்கவில்லை. ஆனால் தேவை எல்லா ஒப்பந்தக்காரர்களுக்கும் பொதுவாக இருந்தது. கையில் ஜாக்கியும் பழகிய ஆட்களும் வைத்திருந்தவர்கள் மிகச் சிலர். இன்னும் வலுவான மறுப்பு பெல்ஜியத்திலிருந்து வருகிறது. கென்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் குஸ்தாவ் மாக்னெல் தனக்கென வேறொரு நங்கூரம் கண்டார். பிலடெல்பியாவின் வால்நட் லேன் பாலமும் அவர் வடிவமைத்ததே. அப்படியானால் தனி மனிதர் போதாதா? அவருடைய முறைக்கு மாக்னெல்–பிளாட்டோன் என்று பெயர். பிளாட்டோன் ஓர் ஒப்பந்தக்காரர். ஜெர்மனியில் பொறியாளர் ஃபின்ஸ்டர்வால்டரின் முன்தகைவுக் கம்பி முறையும் டிக்கர்ஹாஃப் உண்ட் விட்மான் என்ற ஒப்பந்த நிறுவனத்துக்குள்தான் வளர்ந்தது.

ஆகவே தனி நிறுவனம்தான் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வேலைகள் முடிந்தாலும் கலையாத ஓர் இடம் வேண்டும். இடத்தின் வகை வேறொரு விஷயத்தைத் தீர்மானிக்கிறது. ஒப்பந்தப்புள்ளியில் போட்டியிடும் நிறுவனத்துக்குத் தன் நுட்பத்தைப் பொத்தி வைப்பதில் லாபம். உரிமம் விற்றுப் பிழைக்கும் ஸ்டுப் போன்ற நிறுவனத்துக்குப் போட்டியாளரும் வாடிக்கையாளர்தான். உரிமக் கட்டணம் சிறு ஒப்பந்தக்காரர்களை எட்ட நிறுத்தியிருக்கலாம் என்பதை ஏற்கிறேன். ஆனால் காம்பெனோனின் ஒப்பந்த நிறுவனத்துக்குப் போட்டியாளராக இருந்தவர் கைக்கே ஜாக்கியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கட்டாயத்தை ஸ்டுப்புக்கு ஏற்படுத்தியதும் அதே கட்டணம்தான்.