பெயர்ந்தோர் பிள்ளைகளும் பள்ளிக் கதவும்

நகரம் சென்றால் சாதி தொலையும் என்று நம் முன்னோர் நம்பினர். நம்பிக்கை முழுதும் பொய்க்கவில்லை, முழுதும் பலிக்கவுமில்லை.

அண்ணல் அம்பேத்கரும் பெயர்ந்து வந்த குடும்பத்துப் பிள்ளையே. பம்பாய்ப் பரேலில் ஆலைத் தொழிலாளர் குடியிருப்பின் ஓர் அறையில் வாழ்ந்து, எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் பயின்றார். கணக்குப் போட அவரைக் கரும்பலகைக்கு அழைத்தபோது, அதன் பின்னே வைத்திருந்த தம் உணவுக் கலங்களை உடன்பயின்றோர் ஓடிச்சென்று அப்புறப்படுத்தினர். அவரோ 1907-இல் மெட்ரிக் தேறினார்.

அதே பம்பாய்க்கு, தென்காசியும் குற்றாலமும் அடங்கியிருந்த பழைய திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து நம்மவர் பலர் சென்று, தாராவியில் தோல் பதனிடும் தொழிலில் அமர்ந்தனர். அவர்தம் பிள்ளைகளுக்கு வேறு இரு தடைகள் எழுந்தன.

ஒன்று மொழி. மாநகராட்சி தமிழ்வழித் தொடக்கப் பள்ளிகளை நடத்தியது. ஆயினும் மேல்வகுப்புக்குச் செல்லுங்கால் பலர் வேற்று மொழிக்கு மாற நேர்ந்தது.

மற்றொன்று சாதிச் சான்றிதழ். 1950 ஆகஸ்டு 10-ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதிகளை மாநிலவாரியாகவே வகுத்தது. ஆந்திரத்திலிருந்து ஒன்பது வயதில் பம்பாய் வந்த பழங்குடி மாணவர் ஒருவர், அங்கு மருத்துவக் கல்லூரியில் ஒதுக்கீடு கோரினார். 1990-இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. இரு மாநிலப் பட்டியல்களிலும் சாதிப் பெயர் ஒன்றாயினும், குடிபெயர்ந்தவருக்குப் புதிய மாநிலத்தில் அவ்வுரிமை இல்லையென 1994-இல் மீண்டும் தீர்ப்பாயிற்று. இழிவு ரயிலேறி உடன் வந்தது; சலுகை ஊரிலேயே நின்றுவிட்டது!

எனினும் சொந்த மாநிலத்தில் அவ்வுரிமை அழியாது. ஆகவே வெளியூர் செல்வோர் தந்தையார், பாட்டனார் ஆகியோரின் சான்றிதழ்களையும் குடியிருப்பு ஆவணங்களையும் பொன்போற் காத்தல் வேண்டும். அவற்றைப் பெற்றுத் தருவதில் நம் சங்கத்தார் துணைநிற்றல் கடமையாகும்.

இளைஞர்களே, இன்னொன்றும் எண்ணுவோம். இன்று வடமாநிலத் தொழிலாளர் நம் பகுதிக்கும் பிழைக்க வருகின்றனர். தாராவியில் நம் பிள்ளைகள் நின்ற இடத்தில் இன்று அவர்தம் பிள்ளைகள் நிற்கின்றனர். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள கல்வி உரிமைச் சட்டப்படி, வயதுச் சான்று இல்லையென்று எப்பள்ளியும் ஒரு குழந்தையைத் திருப்பி அனுப்பலாகாது. தலைமையாசிரியர்களாகிய நாம் இதனை நன்கறிவோம். பெற்றோருக்கு எடுத்துரைப்பதும் நம் பணியே. ஒதுக்கப்பட்டதன் வலியறிந்த நாமே பிறர் பிள்ளையை ஒதுக்கினால், நாம் கற்ற கல்விக்குப் பொருளில்லை.