குழந்தையின் கையில் கணினி: பேராசிரியர் சீமோர் பப்பேர்ட்

ஈயவெழுத்துக் கோத்த நாள்களிலிருந்து கணினியில் பக்கம் அமைக்கும் நாள்கள் வரை பத்திரிகை அலுவலகங்களில் இருந்து பார்த்தவன் நான். இயந்திரம் மாறும் வேகத்தில் ஆசிரியபீடத்தின் சிந்தனை மாறுவதில்லை. பாடசாலைகளின் நிலையும் அதுவே என்பதைப் பேராசிரியர் சீமோர் பப்பேர்ட்டின் வரலாறு காட்டுகின்றது. பிள்ளைகளிடம் கணினியைக் கொடுக்க வேண்டும் என முதன்முதலில் வாதிட்டவர்களுள் ஒருவர் அவர். பாடசாலைகள் அதனைப் பயன்படுத்திய விதத்தைக் கடுமையாகச் சாடியவரும் அவரே.

பப்பேர்ட் 1928ஆம் ஆண்டு தென்னாபிரிக்காவின் பிரிட்டோரியா நகரில் பிறந்தார். மழலைப் பருவத்திலேயே மோட்டார் வண்டியின் பற்சக்கரங்கள் மீது அவருக்குப் பெருங்காதல். பின்னாளில் கணக்கில் வந்த சமன்பாடுகளை அச்சக்கரங்களாகவே மனத்தில் உருட்டிப் பார்த்துப் புரிந்துகொண்டதாக அவர் எழுதியுள்ளார். மாணவப் பருவத்தில், எழுத்தறிவற்ற கறுப்பின வீட்டுப் பணியாளர்களுக்கு மாலை வகுப்பு நடத்த முனைந்தபோது எதிர்ப்பை எதிர்கொண்டார். யாருக்குக் கற்கும் உரிமை உண்டு என்ற கேள்வி அன்றே அவருள் விழுந்தது எனலாம்.

ஜொஹனஸ்பேர்க்கில் 1952இலும் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் 1959இலும் கணிதத்தில் கலாநிதிப் பட்டங்கள் பெற்றார். ஜெனீவாவில் உளவியலாளர் ஜோன் பியாஜேயுடன் 1963 வரை பணியாற்றினார். குழந்தை வெறும் பாத்திரமன்று, தன் அறிவைத் தானே கட்டி எழுப்புகின்றது என்பது பியாஜேயின் முடிவு. பிறருக்குக் காட்டத்தக்க ஒரு பொருளைத் தானே ஆக்கும்போது அந்த அறிவு மேலும் உறுதிபெறும் என்பது பப்பேர்ட் அதனோடு சேர்த்தது.

பின்னர் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் இணைந்தார். கணினி பெரும் நிறுவனங்களுக்கே உரியதாக இருந்த 1967இல், வொலஸ் ஃபோர்சைக், சிந்தியா சொலமன் முதலியோருடன் சேர்ந்து 'லோகோ' என்னும் கணினி மொழியைக் குழந்தைகளுக்காக உருவாக்கினார். அதன்வழி ஓர் 'ஆமை' தரையிலும் பின்னர் திரையிலும் நகர்ந்து கோடு வரைந்தது. வட்டம் வரைவது எப்படி எனக் கேட்கும் பிள்ளையைத் தானே நடந்து பார்க்கச் சொல்வார்கள். ஓர் அடி முன்னே, சிறிது திரும்பு, மீண்டும் ஓர் அடி. ஒரு பாகை வீதம் 360 முறை திரும்பினால் வட்டம் முடியும். சூத்திரத்தை மனனம் செய்யாமலே வடிவியல் உடலில் பதிந்துவிடும்.

ஆமை தவறான திசையில் சென்றால் பிள்ளைக்குச் சிவப்பு மையில் புள்ளி குறைவதில்லை. கட்டளையில் எங்கே பிழை என்று தேடித் திருத்துவதே அங்கு பாடம். பரீட்சைப் பெறுபேற்றையே அறிவென நம்பும் நம்மவர் கவனிக்க வேண்டிய இடம் இது.

1980இல் வெளிவந்த 'மைண்ட்ஸ்டோர்ம்ஸ்' என்ற நூல் லோகோவை உலகெங்கும் கொண்டு சென்றது. ஆனால் நியூயோர்க்கின் பாங்க் ஸ்ட்ரீட் கல்லூரி ஆய்வாளர்கள், லோகோ பயின்ற பிள்ளைகள் திட்டமிடும் திறனில் ஏனையோரை விஞ்சவில்லை என 1980களின் நடுப்பகுதியில் அறிவித்தனர். கருவியை மட்டும் தனியே பிரித்துச் சோதிப்பது தவறு, அது புழங்கும் பண்பாட்டைப் பாருங்கள் என்பது பப்பேர்ட்டின் மறுமொழி. கணினியைத் தனி அறையில் பூட்டி, அதனையும் ஒரு பாடமாக்கிப் பாடசாலை அதன் வீரியத்தை அடக்கிவிட்டது என 1993இல் எழுதினார். அவர் கூறியதில் உண்மை உண்டு. ஆயினும் அந்தப் பண்பாட்டை வகுப்பறையில் வளர்க்க வேண்டிய ஆசிரியரின் பளுவை அவர் குறைத்து மதிப்பிட்டார் என்றே நான் கருதுகின்றேன்.

முதுமையில் மெயின் மாநிலத்தில் வாழ்ந்தபோது, இளம் குற்றவாளிகளின் தடுப்பு நிலையத்தில் 1999 முதல் கற்றல் கூடம் ஒன்றை நடத்தினார். அம்மாநிலம் 2002இல் ஏழாம் வகுப்பு மாணவர்க்கு மடிக்கணினி வழங்கத் தொடங்கியதன் பின்னாலும் அவர் குரல் இருந்தது. 2006 டிசம்பரில் ஹனோய் வீதியொன்றில் மோட்டார் சைக்கிள் மோதித் தலையில் படுகாயமடைந்தார். 2016 ஜூலை 31இல் மறைந்தார். அவருடைய மாணாக்கர் மிட்சல் ரெஸ்னிக் குழுவினர் 2007இல் வெளியிட்ட 'ஸ்கிராட்ச்' இன்றும் அவர் வழியைத் தொடர்கின்றது.

கணினி குழந்தையை இயக்குவதா, குழந்தை கணினியை இயக்குவதா என்று பப்பேர்ட் கேட்டார். கேட்ட மாத்திரத்தில் கட்டுரை எழுதித்தரும் மென்பொருள்கள் மாணவர் கைக்கு வந்துவிட்ட இக்காலத்தில், அதற்கு விடை கூறும் கடமை பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் முன்னிலும் அதிகமாக உண்டு.